மச்சான் கொடுத்த நற்சான்று

கடலூர் முதுநகரில் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு ஐஸ் கம்பெனி இருக்கிறது. அதன் ஆபீஸ் அறையில், முதலாளி நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஓர் ஆணி. அந்த ஆணியில் கருநீலத்தில் தடிமனான ஒரு குளிர்கோட்டு தொங்குகிறது. உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தது. தலையை மூடிக்கொள்ளக் குல்லாயும், குல்லாயின் ஓரத்தில் ஆட்டு ரோமம் மாதிரி ஏதோ ஒன்றும் உண்டு. மீன் லாரிக்காரர்கள் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஐஸ் கேட்டு வரும் ஊரில் இந்த உடுப்பு எதற்கு என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். யாரும் பதில் சொல்வதில்லை. அதை வாங்கியவர் என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி. வாங்கியது என் மகன் கனடாவுக்குப் போவதற்காக. அவன் போகாமல் நின்றதற்கும் காரணம் அதே மச்சான்தான். இரண்டு காரியத்தையும் ஒரே மனிதர், ஒரே அன்போடு செய்தார் என்பதுதான் எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை.

நான் தொழிற்சாலை ஆய்வுத் துறையில் கண்காணிப்பாளராக இருந்து 2004இல் ஓய்வு பெற்றவன். வீடு சிதம்பரத்தில். எந்த விண்ணப்பத்துக்கு எது இணைப்பு, எந்த நகலில் யார் சான்றொப்பம் இட வேண்டும், எந்த மனு யார் மேசையில் போய்த் தூங்கும், அதை எப்படி எழுப்புவது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். வேறு எதுவும் எனக்குத் தெரியாது என்பாள் என் மனைவி. அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. நான் வேலையிலிருந்து இறங்கிய அதே ஆண்டில் என் மகன் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு மச்சானின் ஐஸ் கம்பெனியில் சேர்ந்தான். மச்சானுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்: வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும், சம்பளம் மாதாமாதம் செக்காக வர வேண்டும், பி.எஃப். பிடிக்க வேண்டும். மச்சானுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"அக்கா மவனுக்கு நான் சம்பளம் குடுக்கறதா? ஊர்ல கேட்டா காறித் துப்புவாங்க மாமா."

"பதிவேட்டில் பெயர் இல்லாதவன் உங்கள் மெஷினில் கையை விட்டுக்கொண்டால் சட்டம் உங்களைத்தான் துப்பும்" என்றேன். அவர் இறங்கி வந்தார். "சரி, நீங்க என்னா வேணா எழுதிக்குங்க. ஆனா சம்பளம்னு மட்டும் வாயால சொல்லாதீங்க. கைச்செலவுன்னு சொல்லுங்க." அன்றிலிருந்து காகிதத்தில் சம்பளமும் அவர் வாயில் கைச்செலவுமாக இரண்டு கணக்குகள் ஓடத் தொடங்கின. இரண்டும் ஒருநாள் மோதும் என்று நான் நினைக்கவில்லை. காகிதம் இருக்கும்போது வாய் எதற்கு என்பது என் உத்தியோகம் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம்.

மச்சானின் வாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாழ்நாள் முழுக்கக் கம்ப்ரசர் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியவர் அவர். கோயிலிலும் கத்துவார், சாவு வீட்டிலும் கத்துவார். திருவந்திபுரத்தில் பெருமாளிடம் அவர் வேண்டிக்கொள்வதை வரிசையில் நிற்கும் எல்லோரும் கேட்கலாம். கேள்வி கேட்கும்போது இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து லேசாக ஆட்டுவார். இளவயதில் வேறொருவர் ஐஸ் கம்பெனியில் தோளில் கோணியைப் போட்டு ஐஸ் பார் சுமந்தவர். அந்த முதலாளி நாலு பேர் முன்னால் "டேய் வேலைக்காரா" என்றுதான் கூப்பிடுவாராம். தன் வீட்டில் யாரையும் இனி எவனும் அப்படிக் கூப்பிடக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்ததாக ஒரே ஒரு முறை என்னிடம் சொல்லியிருக்கிறார், அதையும் கத்தித்தான்.

என் மகன் நல்ல மெக்கானிக். தகப்பன் சொல்வதால் இதற்குச் சாட்சி மதிப்பு இல்லை என்று தெரியும், ஆனாலும் சொல்கிறேன். அம்மோனியா கசிந்தால் மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவார்கள். இவன் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே போவான். மின்வெட்டு மலிந்த அந்த ஆண்டுகளில் கரண்டு வந்து வந்து போக, பழைய கம்ப்ரசரை அவன் நோயாளியைப் போலப் பார்த்துக்கொண்டான். ஆனால் துறைமுகத்தில் ஒருவருக்கும் அவன் மெக்கானிக் இல்லை. சின்ன முதலாளி. மச்சான் வைத்த பெயர். "எட்டு மணி நேரம் கிரீஸ்ல கெடக்குறேன்பா. வெளிய வந்தா சின்ன முதலாளியாம். எனக்குன்னு ஒரு வேலை இருக்குன்னு ஒருத்தனும் சொல்ல மாட்றான்" என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னான். அதற்கப்புறம் அவனோடு படித்த நண்பன் கனடாவிலிருந்து எழுதினான். அங்கே மீனைப் பதப்படுத்தி வைக்கும் ஒரு குளிர்பதனக் கிடங்கில் அம்மோனியா மெஷின் தெரிந்த ஆள் கிடைக்கவில்லையாம். ஆறு மாதம் ஊரே ஐஸாகக் கிடக்கும் நாட்டுக்கு, ஐஸ் பிடிக்கக் கடலூரிலிருந்து ஆள் தேவைப்பட்டது. போனிலேயே இரண்டு முறை நேர்காணல் நடந்தது. வேலை நியமனக் கடிதம் வந்தது. அதில் அவன் பெயருக்கு நேரே 'குளிர்பதன மெக்கானிக்' என்று இருந்தது. அந்த ஒரு வரியை அவன் திரும்பத் திரும்பப் படித்ததை நான் பார்த்தேன். அவன் கேட்டது வெளிநாட்டைக்கூட இல்லை, அந்த வரியைத்தான் என்று தோன்றியது.

அடுத்த சில மாதங்கள் என் பொற்காலம். கனடாக் கிடங்கின் முதலாளி தன் நாட்டுத் தொழிலாளர் துறையில் ஒப்புதல் வாங்கி அனுப்பினார். திறன்மிகு தொழிலாளர் பிரிவில் விண்ணப்பம் போட்டோம். படிப்புக்கு இத்தனை, வயதுக்கு இத்தனை, கையில் வேலை இருப்பதற்கு இத்தனை என்று மதிப்பெண் கொடுப்பார்கள். நான் கூட்டிப் பார்த்ததில் தேறிவிட்டான். ஆங்கிலத் தேர்வை இரண்டாம் முறையில் தாண்டினான். மிச்சம் இருந்தது அனுபவச் சான்று. கம்பெனி லெட்டர்பேடில் என்ன வேலை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்ன சம்பளம் என்று ஒன்றுவிடாமல் நானே டைப் செய்தேன். எல்லாம் பதிவேட்டில் இருந்த உண்மை. லெட்டர்பேடின் தலைப்பில் திருவந்திபுரம் தேவநாத சுவாமி படம். அவரையும் சாட்சியாகச் சேர்த்தே அனுப்பினேன். மச்சான் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். "நீங்க நீட்டுற எடத்துல போடுறதுதான மாமா என் வேலை" என்று சிரித்தார். மறுநாளே பாண்டிச்சேரிக்குப் போய் அந்தக் குளிர்கோட்டை வாங்கிக்கொண்டு வந்தார். என் மகனை அதை மாட்டிக்கொள்ளச் சொல்லி, ஐஸ் அடுக்கிவைக்கும் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார். "மாப்ள, குளுருதா?" என்று வெளியிலிருந்து கத்தினார். "இல்ல மாமா, வேர்க்குது!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ஃபிட்டர் வேலை பார்த்த பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அப்ப நல்ல கோட்டுதான்" என்றார் மச்சான் திருப்தியாக.

பிறகுதான் அந்தப் போன் வந்தது. கடிதம் கொடுத்தவரைக் கூப்பிட்டு விசாரிப்பது விசா அலுவலகத்தின் நடைமுறை. அது எனக்குத் தெரியும், மச்சானிடமும் சொல்லி வைத்திருந்தேன். "உள்ளதைச் சொன்னால் போதும்" என்றுதான் சொல்லியிருந்தேன். உள்ளது எது என்பதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருந்ததை நான் கவனிக்கத் தவறிவிட்டேன். பக்கத்தில் இருந்த கணக்குப்பிள்ளை எனக்குப் பிற்பாடு நடித்தே காட்டினார். தமிழ் தெரிந்த ஒரு பெண் பேசியிருக்கிறாள். இவர் உங்களிடம் வேலை பார்க்கிறாரா என்று கேட்டிருக்கிறாள்.

"வேலை பாக்குறானாவா? என்னாம்மா இப்படிக் கேட்டுட்ட? அவன் என் அக்கா மவன். இந்தக் கம்பெனியே அவனோடதுதான்."

மெஷின் பழுதெல்லாம் யார் பார்ப்பது என்று கேட்டிருக்கிறாள்.

"அதுக்கெல்லாம் ஆளுங்க இருக்காங்கம்மா. அவன் கையில ஒரு சொட்டு கிரீஸ் படாம வச்சிருக்கேன். ராசா மாதிரி உக்காந்து கையெழுத்து போடுவான்."

"அப்ப சம்பளம் சார்?"

"சொந்தக் கம்பெனிக்காரனுக்கு எதும்மா சம்பளம்? வேண்டியத எடுத்துக்குவான். ஆமா, நீ எந்த ஊருப் பொண்ணு? சாப்ட்டியா?"

அன்று மாலையே எனக்குப் போன் செய்தார். "பிரமாதமாச் சொல்லிட்டேன் மாமா. இனிமே விசா வூடு தேடி வந்துரும்." நான் அடுத்த பஸ்ஸிலேயே கடலூருக்குப் போனேன். ஏன் இப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டபோது அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. இரண்டு கைகளையும் விரித்தார். "நான் என்னா தப்பாச் சொல்லிட்டேன் மாமா? பொண்ணு வூட்டுக்காரங்க விசாரிச்சா நாம என்னா சொல்லுவோம்? கூலிக்கு வேலை பாக்குறான்னா சொல்லுவோம்? நம்ம புள்ளையப் பத்தி நாமளே ஒரு படி ஏத்திச் சொல்லலன்னா வேற எவன் சொல்லுவான்?" ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து என் மருமகள் வீட்டார் மாப்பிள்ளை பற்றி விசாரிக்க வந்தபோது, இதே அறையில் இதே வார்த்தைகளைத்தான் அவர் சொன்னார். அவர்களும் மகிழ்ந்து போய்ப் பெண்ணைக் கொடுத்தார்கள். பெண் வீட்டார் யாரும் பி.எஃப். சீட்டை எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்க்க மாட்டார்கள் என்பதுதான் வித்தியாசம்.

விசா அலுவலகத்தார் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கடிதத்தில் தொழிலாளி என்கிறீர்கள், கடிதம் கொடுத்தவரோ இல்லை என்கிறார், குறித்த காலத்துக்குள் விளக்கம் தருக என்று எழுதினார்கள். நியாயமான கேள்வி. அவர்கள் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் எழுதியிருப்பேன், இன்னும் கொஞ்சம் கடுமையாக. வருகைப் பதிவேட்டின் நகல், வங்கிக் கணக்கு, பி.எஃப். சீட்டுகள் எல்லாவற்றையும் திரட்டினேன். அவற்றோடு மச்சானின் உறுதிமொழிப் பத்திரமும் வேண்டும். என் மகன் அவரைச் சிதம்பரம் வடக்கு வீதியில் இருந்த நோட்டரி வக்கீல் ஆபீசுக்கு அழைத்து வந்தான். "மேற்படி நபர் என்னிடம் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்து வரும் தொழிலாளி" என்று வக்கீல் வாசித்ததும் மச்சான் கையை உயர்த்தினார்.

"இது சத்தியம் பண்ணிக் குடுக்கறதா சார்?"

"ஆமாம்."

"அப்ப கீழ இன்னொரு வரி சேத்துக்குங்க. கம்பெனி அவனோடதுதான்னு."

நான் வாயைத் திறப்பதற்குள் என் மகன் அவர் முன்னால் போய் நின்றான். அவன் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்று மட்டும்தான். "மாமா, நான் வேலைதான் பாக்குறேன். உன் கம்ப்ரசர இத்தினி வருசமா நான்தான் ஓட்டுறேன். அத மட்டும் சொல்லு. அது போதும் எனக்கு. வேற எதுவும் வேணாம்." மச்சான் அவனை நிமிர்ந்து பார்த்தார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டதும் அன்று மட்டும்தான். "ஒன்ன என் வாயால வேலைக்காரன்னு சத்தியம் பண்ணிட்டு, நான் எப்பிட்றா எங்க அக்கா மூஞ்சில முழிப்பேன்?" அந்த வரி இல்லாமல் கையெழுத்து இல்லை என்றார். கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. வக்கீல் அதற்குச் சட்ட வேட்டி கட்டி, "ஆயினும் மேற்படி நிறுவனம் அவரைச் சார்ந்ததாகவே நான் கருதி வருகிறேன்" என்று சேர்த்தார். என் உத்தியோகக் காலத்தில் எத்தனையோ கோப்புகள் ஓர் 'ஆயினும்' காரணமாகச் செத்ததைப் பார்த்திருக்கிறேன். இதையும் அதே கையால் உறையில் போட்டு ஒட்டினேன்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. முரண்பட்ட தகவல், இரண்டு ஆண்டுகளுக்கு மீண்டும் விண்ணப்பிக்கத் தடை. கனடாக்காரர் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு வேறு ஆளை வைத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, மீன் காத்திருக்காது. என் மகன் மச்சானிடம் "வரல மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு மெஷின் அறைக்குப் போய்விட்டான். "அவனுங்களுக்குக் குடுத்து வைக்கல" என்றார் மச்சான். நான் சண்டை போடத்தான் போனேன். இளநீர் வெட்டிக் கொடுத்தார். சாட்சியம் என்றால் என்ன, எழுத்து வாக்குமூலம் என்றால் என்ன என்று வெகுநேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கைகளை விரித்தார். "எல்லாம் சரி மாமா. நான் என்னா தப்பாச் சொல்லிட்டேன்?"

அடுத்த ஆண்டு மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். உயில் பதிவு செய்து வைத்திருந்தார். கம்பெனி என் மகனுக்கு. ஒரு பிழையும் இல்லாத பத்திரம், நான் எழுதியதில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் 'தானே' என்று பெயரிட்ட புயல் வந்து கூரைத் தகடுகளைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. என் மகனும் அந்த ஃபிட்டரும் நீர் வடியாத தரையில் நின்றபடி கம்ப்ரசரைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பூட்டினார்கள். எல்லாம் சரியாகி ஐஸ் பிடிக்கத் தொடங்கியபோது தடைக் காலமும் முடிந்திருந்தது. ஆனால் இப்போது என் மகனுக்கு அனுபவச் சான்று கொடுக்க வேண்டிய முதலாளி என் மகனேதான். மச்சான் போனில் சொன்னது அவர் செத்த பிறகு உண்மையாகிவிட்டது. இதைத் தெரிவிப்பதற்கு எந்த அலுவலகத்திலும் படிவம் கிடையாது, தேடிப் பார்த்துவிட்டேன்.

போன மாதம் அந்த ஃபிட்டருக்கு வளைகுடாவில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை வந்தது. சான்றுக் கடிதத்தை என் மகனே எழுதினான், என்னைக் கேட்கவில்லை. விசாரித்துப் போன் வந்தபோது நான் அங்கே இருந்தேன். ஃபிட்டரும் கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தான். "ஆமா சார், எங்க கிட்டதான் வேலை பாக்குறாரு. ஃபிட்டர். மாசச் சம்பளம். மெஷின் வேலை பூரா அவருதான். இல்ல சார், சொந்தமெல்லாம் ஒண்ணுமில்ல. வேலையாள்தான்." அவ்வளவுதான். கேட்டதற்குப் பதில், கேட்காததற்கு மௌனம். அவன் பதிலில் ஓர் எழுத்தைத் திருத்த எனக்கு இடமில்லை. தனக்கு ஒருவரும் கொடுக்காததை அவன் இன்னொருவனுக்குக் கொடுத்துவிட்டான் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அவன் லாரிக்காரரைப் பார்க்க வெளியே போனதும், "கவலைப்படாதே, உனக்கு வேலை உறுதி" என்று ஃபிட்டரிடம் சொன்னேன்.

"தெரியும் சார்" என்றான் அவன், கையிலிருந்த துணியைப் பார்த்தபடி. "மொதலாளி கரெக்டாத்தான் சொன்னாரு."

அதுவரை அவன் என் மகனை அண்ணன் என்றுதான் கூப்பிட்டு வந்தான்.

அவன் மெஷின் அறைக்குள் போனான். கொஞ்ச நேரத்தில் கம்ப்ரசர் ஓடத் தொடங்கியது. அது ஓடினால் ஆபீஸ் சுவர் அதிரும். ஆணியில் தொங்கிய கோட்டு அசைந்து, அதன் வெறும் கைகள் இரண்டும் பக்கவாட்டில் லேசாக ஆடின.