லப்பைக்குடிக்காட்டில் பயணம் சொன்னேன்

காலை 6.40. உடையார்பாளையம் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறேன். கையில் ஒரு கிலோ முந்திரிப் பருப்பு.

பதினொரு வருஷமாக வியட்நாமில் டா நாங் என்ற கடற்கரை நகரத்தில் ஆங்கிலம் கற்றுக்கொடுத்துப் பிழைக்கிறேன். மாலையில் வகுப்பு. காலையில் அந்த ஊரையும் அங்குள்ள மனிதர்களையும் பற்றித் தமிழில் கட்டுரை எழுதுவேன். மூன்று வார விடுமுறையில் ஊருக்கு வந்து பத்தொன்பது நாள் ஓடிவிட்டது. நாளை மறுநாள் திருச்சியில் விமானம். இத்தனை நாளும் தள்ளிப்போட்ட காரியம் ஒன்று பாக்கி இருக்கிறது. லப்பைக்குடிக்காட்டுக்குப் போய் சாதிக்கைப் பார்க்க வேண்டும். அவன் என்னை வீட்டுக்குள் விடுவானா என்று தெரியாது.

இதைக் கிளறிவிட்டவள் லின் என்ற என் மாணவி. புதிய வகுப்பு தொடங்கினால், 'என் உயிர் நண்பன்' என்று ஒரு பாடம் வரும். ஒவ்வொரு முறையும் பலகையில் சாதிக் பெயரைத்தான் எழுதுவேன். அவன் என்னுடன் ஒரே அறையில் இருந்தவன், நல்ல ஆசிரியன், சிரித்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும் என்றெல்லாம் வாய் கிழியச் சொல்வேன். போன முறை லின் கையைத் தூக்கினாள். "ஆசிரியரே, அவரோடு கடைசியாக எப்போது பேசினீர்கள்?" இருபது முகங்கள் என்னையே பார்த்தன. பலகையை அழித்துவிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவினேன்.

காலை 7.45. அரியலூர் பேருந்து நிலையம். இருபத்தெட்டு கிலோமீட்டர் வந்திருக்கிறேன். சிமெண்டு லாரிகள் கிளப்பிய வெள்ளைப் புழுதி என் கறுப்புச் சட்டையைச் சாம்பல் நிறமாக்கிவிட்டது. டா நாங்கில் கடற்காற்று அடிக்கும்போது, என்ன இருந்தாலும் நம் ஊர்க் காற்று போல வருமா என்று ஒரு கட்டுரையில் எழுதியிருந்தேன். எழுதிய கையை இப்போது கழுவ வேண்டியிருந்தது.

இங்கிருந்து லப்பைக்குடிக்காட்டுக்கு வேறு வழியாகவும் போகலாம். நான் பெரம்பலூர் பஸ்ஸில் ஏறினேன். பழைய அறையை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று மனசுக்குச் சமாதானம் சொன்னேன். உண்மை என்னவென்றால் பயம். இரண்டு மணி நேரமாவது தள்ளிப்போகட்டும் என்று பார்த்தேன்.

பக்கத்து இருக்கையில் சின்ன வெங்காயம் பயிரிடும் செட்டிகுளத்து அம்மா ஒருவர். அரியலூரில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். மடியில் ஒரு மஞ்சள் பை.

"எங்கப்பா வேல?"

"வியட்நாம்ங்க. வாத்தியார் வேலை."

"அங்க சின்ன வெங்காயம் வெளயுதா?"

"விளையுதுங்க. நம்ம ஊருது மாதிரி காரம் இருக்காது."

"அதான பார்த்தேன்!" என்று வெற்றி பெற்றவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார். அவரே நட்டு, களையெடுத்து, காயவைத்த வெங்காயம் அல்லவா. "இப்ப எங்க போற?"

"லப்பைக்குடிக்காடுங்க. கூட்டாளியைப் பார்க்க."

"சொல்லிட்டியா வரேன்னு?"

"இல்லைங்க."

"நல்ல ஆளு போ! வூட்டுல இல்லன்னா?"

வீட்டில் இல்லாவிட்டால் நிம்மதி என்று ஒரு கணம் தோன்றியது. அந்த நினைப்புக்காக என்னை நானே திட்டிக்கொண்டேன்.

காலை 9.10. பெரம்பலூர். ரயில் இல்லாத ஊர். எல்லாரும் பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போகிறவர்கள். பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடை, அதன் மாடியில் அப்போது ஸ்போக்கன் இங்கிலீஷ் மையம், அதற்குப் பின்னால் எங்கள் அறை. சாதிக்கும் நானும் அங்கேதான் மூன்று வருஷம் பாடம் நடத்தினோம். இப்போது மருந்துக் கடை அப்படியே இருக்கிறது. மாடியில் கண்ணாடிக் கடை வந்துவிட்டது. மாடிப்படியின் நான்காவது படி மட்டும் இன்னும் உடைந்தே இருந்தது. அதைப் பார்த்ததும் ஏனோ அழுகை வந்துவிட்டது. அந்தப் படியில் உட்கார்ந்துதான் இரண்டு பேரும் ஒரு பரோட்டா பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடுவோம். சால்னாவை எப்போதும் அவன் எனக்கே விட்டுவிடுவான்.

டா நாங்கிலிருந்து வந்த வேலை அறிவிப்பையும் அந்தப் படியில் வைத்துத்தான் படித்தோம். ஒரே இடத்துக்கு இரண்டு பேரும் விண்ணப்பம் போட்டோம். ராத்திரியெல்லாம் அவன் கேள்வி கேட்பான், நான் பதில் சொல்வேன். என் உச்சரிப்பைத் தட்டித் தட்டி நேராக்கியவன் அவன். என்னைவிட நல்ல ஆசிரியன். கிடைத்தது எனக்கு.

அவன் கையைப் பிடித்துக் குலுக்கினான். முகம் சுண்டிப்போயிருந்தது. அதற்குப் பிறகு அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அறையைக் காலி செய்து சொந்த ஊரான உடையார்பாளையத்துக்கு வந்துவிட்டேன். அவன் போன் செய்து எப்போது பயணம் என்று கேட்டபோது, "இன்னும் விசா வரலடா" என்றேன். பெட்டியைக் கட்டி, பூட்டி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொன்னேன். மறுநாள் விமானம் ஏறினேன்.

வேறு ஊர்க்காரனுக்கு இது சின்னப் பொய். லப்பைக்குடிக்காட்டுக்காரனுக்கு அப்படியல்ல. அந்த ஊரில் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவில் இருப்பார். யார் புறப்பட்டாலும் அதற்கு முந்தைய நாட்களில் சொந்தக்காரர், பக்கத்து வீடு, கூட்டாளிகள் என்று ஒரு வாசல் விடாமல் ஏறி, "எனக்குப் பயணம், துஆ செய்யுங்க" என்று பிரார்த்தனை கேட்டுவிட்டுத்தான் போவார். பயணம் சொல்லுதல் என்றே அதற்குப் பெயர். பேச்சுவார்த்தை அறுந்த வீட்டுக்குக்கூடப் போவார்கள். கடல் தாண்டிப் போகிறவன், திரும்பி வரும்போது யார் இருப்பார்கள், யார் இருக்கமாட்டார்கள் என்று யாருக்குத் தெரியும்? அந்த மூன்று வருஷத்தில் லீவு நாட்களில் அவனோடு ஊருக்குப் போகும்போது, எத்தனையோ பேர் சாதிக் வீட்டில் வந்து பயணம் சொன்னதை நானே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எல்லாம் தெரிந்தும் நான் சொல்லப் போகவில்லை. அதன் பிறகு நான்கு முறை ஊருக்கு வந்தும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

காலை 11.30. லப்பைக்குடிக்காடு. பெரம்பலூரிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல். வழியெல்லாம் மக்காச்சோளக் காடு. தெருவுக்குள் நுழைந்தால் வளைகுடாப் பணத்தில் எழுந்த மாடி வீடுகள், பாதி வீடுகளில் பூட்டு. சாதிக் பெயரைச் சொன்னதும் மளிகைக் கடைக்காரர் எதிர் மாடியைக் காட்டினார். "கிளாஸ் நடக்குது, ஏறிப் போங்க."

வெளிநாடு போகிறவர்களுக்குப் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறான். பதினைந்து பேர் இருந்தார்கள். சாதிக்குக் காதோரம் நரைத்து, தொப்பை விழுந்திருந்தது. என்னைப் பார்த்தான். சாக்பீஸ் ஒரு கணம் நின்றது.

"பின்னாடி பெஞ்சுல ஒக்காரு" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தான்.

உட்கார்ந்தேன். அவன் இப்போது முதீராக, அதாவது வளைகுடா நாட்டு மேலாளராக, மாறி ஒவ்வொருவர் மீதும் பாய்ந்தான். "ஒய் லேட்?" என்று அவன் போட்ட அதட்டலில், மீசை வைத்த ஆள் ஒருவர் நிஜமாகவே நடுங்கி, "சார், பஸ் நோ கம் சார்" என்றார். வகுப்பே சிரித்தது. சாதிக்கும் சிரித்தான். அதே சிரிப்பு, அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். டா நாங்கில் இத்தனை வருஷம் பாடம் நடத்துகிறேன். இப்படிச் சொல்லிக்கொடுக்க எனக்கு வராது.

வகுப்பு முடிந்ததும் ஜாபர் என்ற இளைஞர் எழுந்தார். மறுநாள் அவருக்கு விமானம். சாதிக்கின் கையைப் பிடித்துப் பயணம் சொன்னார். பிறகு பெஞ்சு பெஞ்சாக வந்து எல்லாரிடமும் சொன்னார். கடைசியில் என்னிடம் வந்து நின்றார்.

"சார், நீங்க யாருன்னு தெரியல. நாளைக்கு எனக்குப் பயணம். துஆ பண்ணுங்க."

முன்பின் தெரியாத எனக்கு! அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

எல்லாரும் இறங்கிப் போனபின் சாதிக் பலகையை அழித்துக்கொண்டே பேசினான்.

"நீ எழுதுறத எல்லாம் படிக்கிறேன். காபிக் கடைக்காரி வர்றா, பக்கத்து வூட்டுக் கெழவன் வர்றான். நான்தான் ஒண்ணுலயும் வரல."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுடா எழுதுறது?"

"வேலை ஒனக்குக் கெடச்சதுல எனக்கு வருத்தந்தான். இல்லன்னு பொய் சொல்லமாட்டேன். ஆனா அது ஒரு மாசத்துல ஆறியிருக்கும்." அழிப்பானைத் தட்டினான். "நீ ஏறிப் போயிட்டன்னு தெரிஞ்சப்பறமும் எங்கம்மா நம்பாம மூணு நாளு வாசலப் பார்த்துக்கிட்டு இருந்துச்சு. ஒன் கூட்டாளி வரலியா, வரலியான்னு. நான் என்னன்னு பதில் சொல்லுவேன்?"

அழிப்பானை மேசையில் வைத்தான். கையைத் துடைத்துக்கொண்டு, "வா, சோறு ஆறிடும்" என்றான்.

மதியம் 1.15. சாதிக்கின் அம்மா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். முந்திரிப் பொட்டலத்தைக் கையில் கொடுத்தேன். கண்ணை இடுக்கிப் பார்த்து, யாரென்று தெரிந்துகொண்டார்.

"வா தம்பி. பயணம் எப்ப?"

"நாளை மறுநாள்மா."

"போன பயணத்துக்கே நீ இன்னும் சொல்லலியே. அதுக்குள்ள அடுத்ததா?"

சாதிக் தரையைப் பார்த்தான். நான் அவர் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பெட்டியின் மேல் உட்கார்ந்து பொய் சொன்னதை, அவன் முகத்தைப் பார்க்கப் பயந்ததை.

"பொட்டியக் கட்டிப்புட்டு இல்லன்னு சொன்ன ஆளு நீ ஒருத்தன்தான். எங்க தெருவுல பொட்டி கட்டுனா பூனைக்குக்கூடத் தெரிஞ்சிரும்" என்றார். "ஒனக்குன்னு எலுமிச்சங்கா ஊறுகா போட்டு வச்சிருந்தேன். நீ வரல. நாங்களே தின்னு தீர்த்தோம்."

"அந்தப் பயணத்துக்கு இப்பச் சொல்லலாமாம்மா?"

"சொல்லு."

"அம்மா, எனக்குப் பயணம். துஆ செய்யுங்க."

என் தலையில் கையை வைத்து முணுமுணுத்தார். பிறகு, "இது போனதுக்கு. இப்ப இதுக்குச் சொல்லு" என்றார். இரண்டாவது முறையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது அழுதுவிட்டேன். "சரி சரி, அழுதா ஆணம் உப்புக் கரிக்கும், சாப்பிடு" என்று கறிக் குழம்பை இலையில் ஊற்றினார். வயிறு முட்டச் சாப்பிட்டேன்.

மாலை 4.20. பெரம்பலூர் பஸ் புறப்படத் தயாராக நின்றது. பையில் அம்மா கொடுத்த ஊறுகாய் பாட்டில், மூன்று பிளாஸ்டிக் உறைக்குள். சாதிக் பக்கத்தில் நின்றான்.

"மன்னிச்சிட்டியாடா?" என்று கேட்டேன்.

"அம்மாகிட்டச் சொன்ன. என்கிட்ட இன்னும் சொல்லலியே."

நடத்துநர் விசில் ஊதினார். படியில் தொற்றிக்கொண்டு திரும்பினேன். "சாதிக், எனக்குப் பயணம்டா."

"பதினோரு வருஷம் லேட்டு." பஸ்ஸோடு நான்கு எட்டு நடந்து வந்தான். "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு."

டா நாங். காலை 9.00. பெட்டியோடு வந்து இறங்கினேன். என் வீட்டுக்குக் கீழே காபிக் கடை வைத்திருக்கும் பெண்மணி ஓடிவந்து, "மூன்று வாரமாக ஆளைக் காணோமே, உடம்புக்கு என்னவோ என்று பயந்துவிட்டேன்" என்றார். அவரிடமும் சொல்லாமல்தான் போயிருந்தேன். மன்னிப்புக் கேட்டு, அவர் கடை நாற்காலியிலேயே உட்கார்ந்து போனை எடுத்தேன். அங்கே மணி ஏழரைதான். தூங்கிக்கொண்டிருப்பானோ என்று தயங்கித் தயங்கி அழுத்தினேன்.

இரண்டாவது மணி அடிப்பதற்குள் எடுத்துவிட்டான்.