மச்சாளின் கறிவேப்பிலையும் என் கண்ணாடி அறையும்

எங்கள் வீட்டின் பின்பக்கத்தில் ஒரு கண்ணாடி அறை இருக்கிறது. இந்தக் குளிர்தேசத்து மில்லிக்கனில் வீட்டைப் பார்க்க வந்த அன்று என் கணவர் கீழே பேஸ்மென்றை ஆராய்ந்துகொண்டிருக்க, நான் இந்த அறைக்குள்ளேயே நின்றுவிட்டேன். ஒக்டோபர் பிறந்தால் அதைக் குளிருக்கு ஆயத்தம் செய்வது என் வேலை. இவருக்கு மிசிசாகாவுக்கு வேலைக்குப் போய்த் திரும்பவே பொழுது சரி. தவிர, குளிர்காற்றைத் தடுக்க இவர் ஜன்னலில் ஒட்டுகிற பிளாஸ்டிக் தாளில் எப்போதும் சுருக்கம் விழும்.

முதலில் கண்ணாடிகளை உள்ளும் புறமும் கழுவுவேன். குளிர்காலத்தில் கிடைக்கிற கொஞ்ச வெயிலையும் அழுக்குத் தின்னக்கூடாது. பிறகு ஜன்னல் ஓரமாக ஒரு மெழுகுதிரியைக் கொண்டுபோவேன். சுடர் எங்கே ஆடுகிறதோ அங்கே காற்று வருகிறது. அந்த இடுக்கை அடைத்து, ஜன்னலின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டி, தலைமுடி காயவைக்கும் டிரையரால் சூடு காட்டினால் தாள் மேளத்தோல் போல இறுகிவிடும். சீமெந்துத் தரை குளிரும் என்பதால் பலகை போட்டு, அதன்மேல்தான் பூச்சாடிகளை வைப்பேன். கடைசியில் ஹீற்றரைப் போட்டுவிட்டு நடுவில் நின்று சுற்றிப் பார்ப்பேன். அதில் எனக்குப் பெரிய பெருமை.

அந்தப் பெருமையில்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். இவருடைய அக்கா, என் மச்சாள், மோர்னிங்சைட்டில் ஒரு அபார்ட்மென்றில் தனியாக இருக்கிறார். அங்கே ஒரு கறிவேப்பிலைக் கன்றைப் பன்னிரண்டு வருடமாக வளர்த்தார். வெயில் எட்டிப் பார்க்காத வீடு. ஒவ்வொரு குளிருக்கும் கன்று மொட்டையாகி, பிறகு துளிர்க்கும். போன வருடம் நானும் ஒரு கன்று புதிதாக வாங்கியிருந்தேன்.

"உங்கடையையும் என்னட்டைத் தாங்கோ மச்சாள். ஒரு இலை விழாது," என்று நானே கேட்டு வாங்கிவந்தேன்.

ஜனவரியில் இரண்டு கன்றிலும் இலை பழுத்துக் கொட்டியது. குளிரில் கறிவேப்பிலை உறங்கும், பேசாமல் விட்டால் போதும் என்று இப்போது தெரியும். அப்போது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நம்மவர்கள் கறிவேப்பிலைக்குச் செய்கிற வைத்தியத்தைச் செய்தேன்: புளித்த மோர். வீட்டுக்கு வந்த கன்றுக்குத்தானே முதல் உபசாரம்? கிழமைக்கு இரண்டு தரம், ஒரு செம்பு நிறைய, மச்சாளின் கன்றுக்கு மட்டும் ஊற்றினேன். பெப்ரவரி முடியுமுன் வேர் அழுகி, தண்டு கையோடு வந்துவிட்டது. ஏனென்று கேட்காமல் விட்ட என் கன்று மே மாதத்தில் தளதளவென்று துளிர்த்தது.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல இன்னமும் வெட்கமாக இருக்கிறது. என் கன்றைக் கிளப்பி மச்சாளின் பச்சைச் சாடியில் நட்டேன். உயரம் ஒன்றுதான், தண்டுதான் கொஞ்சம் மெலிவு.

"என்ரைதான் செத்துப்போச்சு மச்சாள்," என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

மச்சாள் தண்டைத் தடவிப் பார்த்தார். "ஓம், பாவம்," என்றார். இவருக்குக்கூட நான் உண்மையைச் சொல்லவில்லை. கோடை முழுவதும் மச்சாள் போன் எடுத்தாலே அதை இவரிடம் நீட்டிவிடுவேன்.

இந்த ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை, நான் கடைசி ஜன்னலுக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தேன். இவர் போய் மச்சாளைக் காரில் ஏற்றிவந்து, பச்சைச் சாடியை இறக்கி வைத்தார். மச்சாளின் கையில் ஒரு பழைய தயிர் வாளி இருந்தது. அதற்குள் மண், மண்ணில் விரல் நீளத்துக்கு ஒரு கறிவேப்பிலைக் குட்டி.

"வேரிலையிருந்து வெடிச்சது. பிரிச்சு வைச்சனான். இது உமக்கு."

"எனக்கேன் மச்சாள்? நீங்களே வைச்சிருங்கோ."

"தாய் உம்மடைதானே. குட்டியாவது உம்மட்டை இருக்கட்டும்."

டிரையரை நிறுத்த மறந்துவிட்டேன். இறுகியிருந்த தாளில் ஒரு ஓட்டை விழுந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"தந்த அண்டைக்கே. பன்னிரண்டு வருசம் நான் கொப்பு வெட்டின மரம். ஒரு வெட்டுத் தழும்பும் இல்லாமல் திரும்பி வருமே?"

"மோர் ஊத்தினனான் மச்சாள். கிழமைக்கு ரெண்டு தரம்."

"ஐயோ, மாரிக் குளிரிலையோ!" என்று தலையில் கை வைத்தார்.

"ஏன் என்னை ஏசேல்லை?"

"கோவந்தான். வீட்டை போய் அழுதனான். ஆனா உம்மட்டை இருந்தது அது ஒண்டுதானே, அதைத் தூக்கித் தந்திட்டீர். பிறகு எப்பிடி ஏசுறது?"

போன வருட நினைவில் இந்த வருடமும் இரண்டு கன்றுக்கும் இடம்விட்டுப் பலகை போட்டிருந்தேன். வெயில் விழுகிற பக்கத்தில் பச்சைச் சாடியை மச்சாளே நகர்த்தி வைத்தார். பக்கத்தில் தயிர் வாளியை நான் வைத்தேன். ஓட்டை விழுந்த தாளைக் கிழித்துப் புதிது ஒட்டும்வரை அவர் கதிரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டையும் உம்மட்டைத்தான் விட்டிட்டுப் போறன்," என்றார். பிறகு, "மோர் இருக்கே?" என்று கேட்டார்.

நான் விறைத்துப்போய்த் திரும்பினேன்.

"எனக்குக் குடிக்க."