விளக்கத்தை மாற்றி எழுதவில்லை

பதுளையில் ஓர் அலுவலகத்தில் பிறப்புச் சான்றிதழ்களை மொழிபெயர்த்துத் தட்டச்சு செய்வது என் வேலை. ஐந்து ஆண்டுகள் ஒரு பிழை விட்டதில்லை. போன ஐப்பசி மழையில் ஒரே வாரத்தில் மூன்று விட்டேன். ஒன்றில், தகப்பன் பெயர் வரவேண்டிய இடத்தில் குழந்தையின் பெயரையே அடித்திருந்தேன். அதைத் திருத்த அந்தத் தாய் இரண்டு பஸ் ஏறித் திரும்பி வந்தபோது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மண்மேட்டில் வெடிப்பு விழுந்திருந்தது. அதிகாரிகள் வந்து, மழை பெய்தால் வெளியேறும்படி கதவில் அறிவித்தல் ஒட்டிவிட்டுப் போனார்கள். எங்கே போவது என்று அதில் இல்லை. மண்சரிவில் லயங்களோடு ஆட்கள் புதைந்த மீரியபெத்தையை அறிந்தவர்களுக்கு மழைச் சத்தத்தில் கண் மூடாது. அம்மாவும் நானும் முறை வைத்து விழித்திருந்தோம். என் முறை இல்லாதபோதும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

தோட்டத்திலிருந்து மடுல்சீமை பஸ்ஸில் நின்றபடியே வந்து மேசையில் உட்கார்ந்தால், ஒரு வரியை நான்கு தடவை வாசித்தும் மண்டையில் ஏறாது. ஜன்னல் பக்கம் இருட்டினால் மழை வருகிறதோ என்று எழுந்து பார்ப்பேன். அம்மாவுக்குப் போன் எடுத்துவிட்டுத் திரும்பினால், எங்கே விட்டேன் என்றே தெரியாது.

எங்கள் பிரிவுத் தலைவர் யாழ்ப்பாணத்துக்காரர். எழுத்தில் விளக்கம் கேட்டார். நடந்ததையெல்லாம் எழுதி, "பிழை என்னுடையது. என் தூக்கத்தைக் கெடுத்தது நான் இல்லை" என்று முடித்தேன்.

"பிள்ளை, இதை மேல அனுப்பேலாது. சுகமில்லை எண்டு ரெண்டு வரி எழுதித் தாரும்."

"எனக்கு நோய் ஒன்னும் இல்லங்க சேர். மாத்தி எழுத மாட்டேன்."

"பிறகு உமக்குத்தான் கரைச்சல்."

"வரட்டுங்க."

அவர் அதை அப்படியே கையெழுத்திட்டு மேலே அனுப்பினார்.

வெளியேறச் சொன்னவர்கள் இடம் காட்டுவார்கள் என்று நாங்கள் காத்திருக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை லயத்துப் பெண்கள் எட்டுப் பேர் சேர்ந்து, கோயிலடிச் சமதரையில் பூட்டிக் கிடந்த பழைய பிள்ளைக் காம்பராவின் பூட்டை உடைத்தோம். முன்பு கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்சென்ற இடம் அது. பாய்களை விரிக்கும்போதே தோட்டத்தை நடத்தும் தொரை வந்துவிட்டார்.

"யாரைக் கேட்டு ஒடச்சீங்க?"

"வெளிய போகச் சொல்லி ஒட்டியிருந்தாங்க, வந்துட்டோங்க தொர," என்றாள் அம்மா. "இங்கேருந்தும் போகணும்னா நீங்களே தூக்கி வெளிய போடுங்க."

அவர் வண்டியைத் திருப்பினார்.

அன்று பின்னேரம் படுத்தவள் மறுநாள் காலையில்தான் எழுந்தேன். அந்த வாரம் அடித்த சான்றிதழ்களில் ஒரு பிழைகூட இல்லை. ஆனாலும் மேலிடத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்து என் கோப்பில் ஏறியது. பாதுகாப்பான இடத்தில் எங்களுக்கு வீடு இன்னும் யாரும் தரவில்லை. தரும்வரை நாங்கள் அந்தப் பிள்ளைக் காம்பராவிலிருந்து நகரப்போவதில்லை.