சோடா மூடி ஆட்டக்காரர்கள்

செனாவாங்கில் நான் வேலை பார்த்த தொழிற்சாலை வாசலில் காவல் இருந்தவருக்குக் கழுத்து நீளம். சட்டைக் காலர் அதைத் தொடாமல் தனியாக நிற்கும். எஸ்டேட் பஸ்ஸுக்கு நான் காத்திருக்கும் மாலைகளில், அவர் மேசையில் சோடா மூடிகளைப் பரப்பிப் பகடை உருட்டுவார். ஒவ்வொரு மூடியும் ஒரு பந்தாட்டக்காரன். உட்பக்கம் பெயர் எழுதியிருக்கும். ஆறு விழுந்தால் கோல். வருஷம் முழுக்க லீக் நடக்கும்.

அன்று லீக் முடிந்து, அந்த வருஷம் புதிதாகச் சேர்த்தவர்களுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தார்.

"மாரிமுத்துக்கு ஏ. நல்லா ஓடுறான். சூசைக்கு சி. பயந்து பயந்து ஆடுறான்."

மாரிமுத்து எங்கள் எஸ்டேட்டில் லாரி கவிழ்ந்து இறந்தவன். சூசை என் ஷிப்டில் வேலை செய்தவன். மஞ்சள் காமாலையில் போனான்.

"எல்லாரும் செத்தவங்களாண்ணே?"

"ஆமாலா. உசுரோட இருக்கிறவன் டீம் மாறிடுவான்."

பிறகு என் கால்களையே பார்த்தார்.

"தம்பி எந்த இடத்துல ஆடுவீங்க?"

"எனக்குப் பந்தே ஆட வராதுண்ணே."

"சூசையும் இங்க நின்னுக்கிட்டு இதையேதான் சொன்னான்."

பஸ் வந்துவிட்டது. இன்றும் வழியில் ஒரு சோடா மூடி கிடந்தால், குனிந்து உட்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் என்னால் கடந்து போக முடிவதில்லை.