புது விண்டோஸ் ஏறுமா, ஏறாதா?

பழைய கம்ப்யூட்டரில் புது விண்டோஸ் ஏறுமா என்று பார்த்துச் சொல்வது என் பிழைப்பு; ஜாதகம் பார்க்கிறவருக்காவது பரிகாரம் சொல்லும் வசதி உண்டு, எனக்கு அதுவும் இல்லை. பழைய விண்டோஸின் காலம் முடிந்ததிலிருந்து காரைக்காலில் நான் போகிற இடமெல்லாம் இழவு வீடு மாதிரிதான். "உங்கள் கம்ப்யூட்டருக்குத் தகுதி இல்லை" என்ற வரியைப் பார்த்து வயிறு எரிந்தவர்களே, உங்களோடு சேர்ந்து எரிந்தவன் நான்.

போலகத்து ஜெராக்ஸ் கடை

கடைக்கார அக்காவின் கம்ப்யூட்டர் கிண்ணென்று ஓடிக்கொண்டிருந்தது. சோதித்தேன். பிராசஸர் பழைய தலைமுறை, ஏறாது. மாற்றுவதென்றால் போர்டோடு மாற்ற வேண்டும் என்றேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உழுவுற மாட்டப் புடிச்சுப் பல்லு பாத்து, வயசாயிட்டுங்குறீங்களே தம்பி, இது நியாயமா?"

அணைந்திருந்த சிப்

திருமலைராயன்பட்டினத்தில் துணிக்கடை பாய் ஒருவர். கடையில் ஒரே மாதிரி இரண்டு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். இரண்டுக்கும் தகுதி இல்லை என்று திரையில் வந்ததாம். நான் போனபோது கடையில் ஒன்றுதான் இருந்தது. பார்த்தால், பாதுகாப்பு சிப் உள்ளேயே இருக்கிறது, அணைத்து வைத்திருக்கிறார்கள். செட்டிங்கில் போய் அதை ஆன் செய்தேன், தகுதி வந்துவிட்டது. ஒரு நல்ல சேதி சொல்லக் கிடைத்ததே என்று சந்தோஷமாகப் பாய் பக்கம் திரும்பினேன். பாய் முகத்தில் ஈயாடவில்லை.

"யா அல்லா! அப்ப போன வாரம் பழைய இரும்புக்குப் போட்டதும் நல்ல மிசினுதானா?"

கடற்காற்று

கோட்டுச்சேரிமேட்டில் கவிதா வீட்டிலிருந்தே ஒரு சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள். மீன்பிடிக்கிற அப்பா, கால் முடியாமல் போனதால் இப்போது கடலுக்குப் போவதில்லை. அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. திங்கட்கிழமைக்குள் புது விண்டோஸ் இல்லையென்றால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

சோதித்தேன். பிராசஸர் சரி, சிப் சரி, எல்லாம் பச்சை. கவிதா முகம் மலர்ந்துவிட்டது. அவள் அப்பாவுக்கும் பெருமை தாங்கவில்லை. "நாந்தான் தம்பி மிசின சன்னலோரம் வச்சேன். போட்டுல எஞ்சினு சூடானா கடக்காத்துல ஆறுமுல்ல?" என்று சொல்லிவிட்டு, எனக்கு டீ வாங்கக் காலை இழுத்துக்கொண்டு கிளம்பினார்.

கடற்காற்று என்றதும் எனக்குச் சந்தேகம் வந்தது. மூடியைக் கழற்றினால், போர்டு முழுக்க உப்புப் பூத்திருந்தது. ஓரமெல்லாம் துரு. சோதனை நிரல் உப்பைப் பார்ப்பதில்லை. ஏற்றும்போது பாதியில் கம்ப்யூட்டர் செத்துப்போகலாம் என்று எச்சரித்தேன். "வேற வழியில்லண்ணே, ஏத்துங்க" என்றாள். துடைத்துவிட்டு ஆரம்பித்தேன். பாதியில் திரை இருண்டது. என்னென்னவோ செய்து பார்த்தும் உயிர் வரவில்லை. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

வாசலில் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது. கவிதா அவசரமாக மூடியை எடுத்துக் கம்ப்யூட்டர்மேல் வைத்தாள்.

"மிசினு பழசு, ஏறலன்னு சொல்லிடுங்கண்ணே. காத்துன்னு மட்டும் அப்பாகிட்ட சொல்லிடாதீங்க."

மெய்யைச் சொல்லி வசவு வாங்குகிற இந்தத் தொழிலில், பொய் சொல்லிவிட்டு ஒரு வாய் டீயை நிம்மதியாகக் குடித்தது அன்றைக்கு மட்டும்தான்.