இரண்டு கை கும்பிடு

"நாலு வயசுப் பையன் ஒருத்தன் மேடைகிட்ட அழுதுக்கினு இருக்கான். பெத்தவங்க வந்து கூட்டிக்கினு போங்க" என்று சின்ன காஞ்சிபுரம் முழுக்க ஒலிபெருக்கி அலறுகிறது.

அன்றும் இதே வைகாசி கருட சேவைதான். எனக்கு ஒன்பது வயது. நசுங்கிய மல்லிகையும் கற்பூரப் புகையும் வியர்வையும் மூச்சை அடைத்தன. அம்மா நீர்மோர்ப் பந்தலுக்குப் போகும்போது, தம்பி பாபுவின் கையை என் கையில் வைத்து, "இன்னா நடந்தாலும் உடாதம்மா" என்றாள்.

கோபுர வாசலில் குடைகள் தெரிந்தன. பெருமாள் கருடன்மேல் வெளியே வந்ததும் தெருவே தலைக்குமேல் கைகுவித்தது. ஒற்றைக் கையால் சாமி கும்பிடக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவளும் அம்மாதான். நானும் இரண்டு கைகளையும் தூக்கினேன். இறக்கியபோது பாபு இல்லை. பெருமாள் பார்த்துக்கொண்டேதான் போனார்.

முப்பது வருடமாகத் தேடுகிறோம். இப்போது அம்மா மேடைப் பக்கம் திமிறுகிறாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொள்கிறேன்.

"அது யாரு புள்ளையோம்மா. பாபுவுக்கு இப்ப முப்பத்திநாலு வயசு."

"அழுதுக்கினு இருக்குதாம். நீ கைய உடு."

சுற்றிலும் எல்லாக் கைகளும் மேலே எழுகின்றன. நான் விடவில்லை.