ஏத்தங்குலையும் ஐபிஓவும்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம், வீம்பு அதைவிட நீளம். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் நான் ஒரு பொருளுக்கு விலை கேட்க ஆரம்பித்தால் மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள் என்று எங்கள் சபையில் ஒரு பேச்சே உண்டு. பாறசாலைப் பக்கம் இந்த ஏலத்தைத் தெரியாதவர்கள் குறைவு. வருடத்தில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும், சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்த சேனை, கோழி, வாழைக்குலை எல்லாவற்றையும் ஆலய முற்றத்தில் ஏலம் விடுவார்கள். கேட்கத் தொடங்கிவிட்டுப் பின்வாங்குவது மானக்கேடு. மேசைமேல் நின்று ஏலம் கூறுவது என் கணவர். மற்ற நாட்களில் அரசு பஸ்ஸில் கண்டக்டர் என்பதால் அவர் தொண்டைக்குப் பஞ்சமில்லை.

நான் வீட்டில் இருந்தபடியே ஷேர் வாங்கி விற்கிறவள். கணக்கு அவர் பெயரில். விற்கவேண்டுமென்றால் ஓடிபி அவர் ஃபோனுக்குத்தான் வரும். பூவார் போகும் பஸ்ஸின் நெரிசலில், டிக்கெட் கொடுத்துக்கொண்டே எண்களை வாசித்துச் சொல்வார். எதற்கு விற்கிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு பெரிய கம்பெனியைப் பற்றிப் பேச்சு கிளம்பியது. அதன் கைவசம், இன்னும் சந்தைக்கு வராத இன்னொரு கம்பெனி இருந்தது. அந்தச் சின்னதுக்கு ஐபிஓ, அதாவது முதல் பங்கு விற்பனை, வரப்போகிறது, எந்த நாளும் அறிவிப்பார்கள் என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். அறிவிப்பு வந்தால் பெரிய கம்பெனியின் பங்கு விலை பறக்கும். அதனால் வருவதற்கு முன்பே வாங்கிப்போட்டுக் காத்திருக்க வேண்டும். எல்லோரும் அப்படித்தான் காத்திருந்தோம். நான் போட்டது மகளின் பணம். நர்சிங் முடித்து, ஜெர்மன் மொழித் தேர்விலும் ஜெயித்திருந்தாள். அந்தப் பணத்தை மாதக் கடைசியில், வேலைக்கு அனுப்பும் ஏஜென்சிக்குக் கட்டினால்தான் ஜெர்மனி.

விலை ஏற ஏற எனக்கு ஏலக்கிறுக்கு பிடித்துவிட்டது. யாரோ முன்னால் நின்று எனக்கு எதிராகக் கேட்கிற மாதிரி, என் சொந்தச் சேமிப்பையெல்லாம் எடுத்து நானும் மேலே மேலே வாங்கினேன். ஒரு சாயங்காலம் வளையலை அடகு வைக்கலாமா என்று அவரிடம் கேட்டேன். கப்பைக்கிழங்கு தின்றுகொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"போன வருசத்து ஏத்தங்குலை ஓர்மை உண்டா?"

மறக்குமா? வளைகுடாவிலிருந்து வந்த ஒருவர் என்ன விலை கொடுத்தும் அந்த ஏத்தன் வாழைக்குலையை எடுப்பார் என்று ஒரு பேச்சு. அவர் வந்து நிற்பதற்குள் நாங்களே விலையை ஏற்றிவிட்டோம். அவர் வந்தார், விலையைக் கேட்டார், சிரித்துக்கொண்டே கோழிக்கூட்டுப் பக்கம் போய்விட்டார். குலை என் தலையில் விழுந்தது. வீட்டில் ஒரு வாரம் ஏத்தம்பழப் புழுக்குதான் பலகாரம்.

"அது கோயிலுக்குப் போன பைசா, போட்டும்" என்றார். "இது மகளுக்க பைசாவாக்கும். நான் மேசைக்க மேல நிண்ணு பாக்கியவன்லா? வாங்க நினைச்சவனெல்லாம் முன்னாலேயே கேட்டு முடிச்சா, பெறவு கேக்க ஆரு உண்டு?"

"உங்களுக்கு டிக்கெட்டு குடுக்க மட்டும்தான் தெரியும்" என்றேன். அவர் மறுபடியும் கப்பையைத் தின்ன ஆரம்பித்தார்.

மறுநாள் காலை சந்தை திறந்ததும் மகளின் பணத்தில் வாங்கிய பங்கை மட்டும் விற்றேன். புத்தி வந்து விற்கவில்லை. விலை இன்னும் ஏறினால் பழியை அவர்மேல் போடலாமே என்ற வீம்பில் விற்றேன். அவர் வழக்கம்போல ஓடிபி வாசித்தார்.

விலை ஏறத்தான் செய்தது, மூன்று நாள். மூன்று நாளும் அவருக்கு மீன் இல்லாத சோறு. மகளின் முன்னாலேயே, "இந்த மனுசன் பேச்சக் கேட்டு எம்பிடு போச்சு பாரு" என்று சொன்னேன். அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

நான்காம் நாள் காலை அறிவிப்பு வந்தது. திறந்த உடனே விலை துள்ளியது. குழுவில் எல்லோரும் ஆகா ஓகோ என்றார்கள். பத்தரைக்கு இறங்கத் தொடங்கியது. அறிவிப்புக்காகக் காத்திருந்தவர்கள் எல்லோருமே விற்க வந்துவிட்டார்கள். வாங்க ஆளில்லை. சந்தை மூடும்போது நான் மகளுக்காக விற்ற விலைக்கும் வெகு கீழே கிடந்தது. என் சொந்தச் சேமிப்பில் பாதி போயிற்று. மகளின் பணம் பேங்கில் அப்படியே இருந்தது. அவரைக் கூப்பிட்டேன்.

பஸ் இரைச்சலுக்கு நடுவே, "சொல்லு மக்கா, ஓடிபி வேணுமா?" என்றார்.

"வேண்டாம். வரும்ப சாளை மீனு வாங்கியோண்டு வாங்க. பொரிச்சுத் தாறேன்" என்று மட்டும் சொன்னேன். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. அன்று கேட்டிருக்க வேண்டும்.

மகள் ஜெர்மனிக்குப் போனாள். முதல் மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியை, கோயிலுக்கு என்று சொல்லி அனுப்பினாள். அந்த வருடப் பண்டிகையிலும் ஒரு ஏத்தங்குலை வந்தது. நான் கேட்டேன். இரண்டு பேர் எதிராகக் கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

"ஒரு தரம்… ரெண்டு தரம்…" என்றார் என் கணவர்.

நான் விலையை ஏற்றினேன். கூட்டம் சிரித்தது. அவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார். "எடியே, எதிரா ஆருமில்ல. கடைசியா கேட்டதும் நீதான்."

"தெரியும். இது உங்களுக்காக்கும்" என்று சொல்லி இன்னொரு தடவை ஏற்றினேன்.

அவர் நிமிர்ந்தார். ஒரு தரம் சொன்னார், இரண்டு தரம் சொன்னார். மூன்றாம் தரத்துக்கு அந்தத் தொண்டையிலிருந்து சத்தம் வரவில்லை. பக்கத்தில் நின்ற போதகர்தான் மைக்கை வாங்கிச் சொன்னார்.